நான்கு பத்து வரை

ஜூலை 14, திங்கள்

காலாண்டுத் தேர்வுக்கு முன்பு தலைமையாசிரியையிடம் நான் கொடுக்க வேண்டிய அறிக்கைக்கான குறிப்புகள்:

1. மாணவியரின் கைபேசிகளைக் காலையில் வாங்கிவைத்து மாலையில் திருப்பித் தரும் முறை.

2. முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருக்கும். பிறகு பழகிவிடும்.

3. வகுப்பில் கவனம் கூடும். (ஆசிரியர்களைக் கேட்டு எழுத வேண்டும்.)

4. காலை ஒன்பது இருபதுக்கும் மாலை நான்கு பத்துக்கும் இடையில் வரும் எந்தச் செய்தியும் நான்கு பத்து வரை காத்திருக்கும்.

5. இந்த வேலைக்குத் துணிச்சல் தேவையில்லை. ஒழுங்கு இருந்தால் போதும்.

வேலையில் சேர்ந்த நாளிலேயே முடிவுகளை எழுதிவைப்பது முறையல்ல என்று தெரியும். ஆனால் எங்கே போய் முடியும் என்று தெரியாமல் எதையும் தொடங்க எனக்கு வராது. தவறு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்த நோட்டு.

பவானியில் இருக்கும் இந்தப் பெண்கள் பள்ளியில் ஜூன் மாதம் கைபேசி கொண்டுவரவே கூடாது என்றார்களாம். பெற்றோர் வந்து சண்டை பிடித்தார்கள். பாதிப் பிள்ளைகள் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். வீடு சேர ஆறு மணி ஆகும். வழியில் ஒன்று என்றால் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. அதனால் இந்த ஏற்பாடு: வரும்போது என்னிடம் கொடுக்க வேண்டும், போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் ஓடும் ரயிலில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கியவன் என்பதால் தாளாளருக்கு என் நினைவு வந்திருக்கிறது. எழுபத்தொரு வயதில் ‘வேலையில் சேர்ந்தேன்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அலுவலகத்துக்கு அடுத்து, பந்தும் வலையும் போட்டுவைத்திருந்த அறையைக் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் பிரிக்கும் மரச்சட்டம் போலவே தச்சரிடம் ஒரு சட்டம் செய்யச் சொல்லியிருந்தேன்; அது வந்துவிட்டது. பதினொரு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு அறை. ஒவ்வொன்றுக்கும் எண். அதே எண் போட்ட வில்லை ஒன்று பிள்ளையின் கையில்.

ஆயா பாப்பாத்தி வந்து பார்த்தார்.

“என்னுங்க சார், கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் குடுக்கற மாதிரி இருக்குது.”

“ஏறக்குறைய அதேதான்.”

“அங்க செருப்ப விட்டுப்போட்டு உள்ள போனா சாமி இருக்குது. இங்க உள்ள போனா கணக்கு டீச்சர்தான இருக்காங்க.”

வீட்டில் என் மனைவி லோகநாயகி வேறு விதமாகச் சொன்னாள். “எம் போன எடுத்துக் குடுங்கன்னா அர மணி நேரம் கண்ணாடியத் தேடுவீங்க. உங்களை நம்பி நூத்திச் சொச்சம் போனக் குடுத்திருக்காங்க பாருங்க.”

ஜூலை 15, செவ்வாய்

118 வாங்கினேன். 118 கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

பிள்ளைகள் எனக்குப் ‘போன் தாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருத்தமில்லை.

அணைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏழாம் வரிசை ஒன்பதாம் அறையில் இருப்பது அணைக்கப்படுவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளும் காலை பத்து முப்பத்தைந்துக்கு அது துடித்தது. சத்தம் இல்லை, மரத்தின் மேல் வண்டு சுற்றுவது போல ஓர் அதிர்வு மட்டும். இன்று துடிக்கவில்லை. ஏன் இன்று இல்லை என்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நானே அணைத்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் கைபேசியின் பொத்தானை அழுத்துவது உறையைப் பிரிப்பதற்குச் சமம். தபால் அட்டையைக்கூட முகவரிப் பக்கம் மட்டும் பார்த்துப் பிரித்தவன் நான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு ‘பி’, இந்துஜா. அடுத்த வாரம் பார்க்கலாம்.

லோகநாயகிக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கினேன்.

ஜூலை 24, வியாழன்

இன்று கேட்டுவிட்டேன். மாலையில் எல்லோரும் போன பிறகு கேட்டேன். வரிசையில் பிறர் இருக்கும்போது கேட்டால் அவளுக்குச் சங்கடம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

“இந்துஜா, செல்ல ஏம்மா அணைக்கறதில்ல?”

ஒல்லியான பெண். பேசும்போது பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“எங்கம்மா கூப்புடுமுங்க தாத்தா. அது குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்குதுங்க.”

“சாயங்காலம் கூப்பிடச் சொல்லலாமே.”

“அம்மாகிட்ட செல் இல்லீங்க. மேடம் வாங்கி வச்சுக்கிட்டாங்க. அந்த வீட்டு டிரைவரு நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன். மேடத்த ஆபீசுல விட்டுட்டு எட்டு மணிக்குத் திரும்பி வந்து, டீ குடிக்கிற நேரம் அவரோட செல்லக் குடுப்பாருங்க. பத்து நிமிசந்தான். அங்க எட்டுன்னா இங்க பத்தரைங்க.”

வெள்ளி, சனி அங்கே விடுமுறை என்றாள். வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், அதனால் அழைப்பு இல்லை. இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு தண்ணீர் குடிக்கவென்று வகுப்பில் கேட்டுக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசுவாளாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

“எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சும் ஏன் தினமும் கூப்பிடறாங்க?”

“சாயங்காலம் வாங்கறப்ப அம்மா கூப்பிட்டுருக்குன்னு பாத்துக்குவேனுங்க. நல்லாருக்குதுன்னு அர்த்தம்.”

“நீ திருப்பிக் கூப்பிடலாமில்ல?”

“கூடாதுங்க. மேடம் வண்டில இருக்கறப்ப அடிச்சா அந்த அண்ணன் மாட்டிக்குவாரு.”

அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. வீட்டில் இருப்பது இந்த ஒரு கைபேசிதான்.

தலைமையாசிரியையிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

தலைமையாசிரியை சுலோசனா அம்மையாரிடம் போனேன். ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “சொல்லுங்க சார்” என்றார்.

என் அறைக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 28, திங்கள்

மின்விசிறி வந்துவிட்டது. நல்ல காற்று.

இந்துஜா கேட்டாள். “சொல்ல வேண்டும்” என்றுதான் சொல்ல நினைத்தேன். “சொல்லியிருக்கேன்” என்று வாயில் வந்துவிட்டது. திருத்துவதற்குள் அவள் “ரொம்பத் தேங்க்ஸுங்க தாத்தா” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

121 வாங்கினேன். 121 கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆறுகள் சேரும் கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை என்றார்கள். நாங்கள் போகவில்லை. லோகநாயகி வீட்டுக் குழாயடியிலேயே மஞ்சள் கயிற்றை வைத்துக் கும்பிட்டாள்.

பத்து முப்பத்தைந்துக்கு என்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்துஜாவும் அவள் அம்மாவும் இப்போது பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேதியியல் ஆசிரியை வந்து, இந்த மூன்று வாரத்தில் வகுப்பு மாறிவிட்டது என்றார். முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்களாம், சந்தேகம் கேட்கிறார்களாம். இடைவேளையில் பிள்ளைகள் கயிறு தாண்டுவதை நானே பார்த்தேன். மூன்றாம் குறிப்பு சரி.

ஆகஸ்ட் 6, புதன்

7-9 இன்று நான்கு முறை துடித்தது. பத்து முப்பத்தைந்திலிருந்து பத்து நாற்பத்து நான்கு வரை.

மாலை இந்துஜா கைபேசியை வாங்கி, திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ கேட்டாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். பதில் சொல்லி அனுப்பினேன். அவளுடைய ஜம்பை பஸ் நாலரைக்கு.

வேறு எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டதை முதலில் எழுதுகிறேன்.

நேற்று நான்காம் முறை துடித்தபோது கைபேசியை எடுத்துப் பேசினேன்.

“இந்து, வெளிய வந்துட்டயா சாமி?” என்றது குரல்.

“நான் பள்ளிக்கூடத்துல செல்லெல்லாம் வாங்கி வைக்கிற ஆளுங்கம்மா.”

“புள்ளைக்கு ஏதாச்சுமுங்களா?”

“இல்லீங்க, கிளாஸ்ல இருக்குது.”

ஒரு மூச்சு விட்டார். அதன் பிறகு நிறுத்தாமல் பேசினார். பெயர் அம்சவேணி என்றார். “ஐயா, என்னைய மேடத்தோட தங்கச்சி வீட்டுக்கு அனுப்பறாங்களாமுங்க. இந்த நாடு இல்லீங்க, சவூதியாம். எந்த ஊருன்னு தெரியல. அங்க போய்ட்டா செல்லக் கண்ணுல காட்ட மாட்டாங்கன்னு டிரைவர் அண்ணன் சொல்றாரு. நாளைக்கு எட்டே காலுக்கு வண்டி. எட்டு மணிக்குக் கடைசியா ஒருக்காத் தர்றேன்னிருக்காரு. நாளைக்கு இந்துவச் செல்லுகிட்ட நிக்கச் சொல்லுங்க. பாஸ்போர்ட் நம்பரு, ஏஜெண்டு பேரு, அந்த வீட்டுக்காரங்க பேரு எல்லாம் எப்படியாச்சும் கேட்டு வெக்கிறேன், அவ எழுதிக்கோணும். அது இல்லாட்டி என்னைய யாருமே தேட முடியாதுங்க.”

“சரிங்க.”

“சொல்லிருவீங்கல்ல?”

“எனக்கு இதுல பேச அதிகாரம் இல்லீங்கம்மா. ஆனாச் சொல்றேன்.”

அவ்வளவுதான். ஏஜெண்டின் பெயரையாவது அப்போதே கேட்டிருக்கலாம். சட்டைப் பையில் பேனா இருந்தது, முன்னால் பதிவேடு திறந்து கிடந்தது. கேட்கத் தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் முகவரிகளையே பார்த்தவனுக்கு, முகவரி இல்லாமல் போகப்போகிற ஒருத்தியிடம் ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை.

நேற்று மத்தியானமே தலைமையாசிரியையிடம் சொல்லியிருப்பேன். அவர் ஈரோட்டில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் அனுமதி இல்லாமல் பள்ளி நேரத்தில் ஒரு மாணவியைக் கைபேசியிடம் நிற்கவைக்க எனக்கு உரிமை இல்லை. நான் எடுத்துப் பேசியதையும் அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் எழுத்துமூலம் கொடுப்பதே முறை என்று முடிவு செய்தேன்.

இன்று ஒன்பது பத்துக்கு விண்ணப்பத்தை அவர் மேசையில் வைத்தேன். ஒன்பதரைக்கு மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழு வந்துவிட்டது. பத்தேகாலுக்கு அவர் அறை வாசலில் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம்.

பாப்பாத்தி தேநீர்த் தட்டோடு வெளியே வந்தார். “ஏனுங்க சார் நிக்கறீங்க? உள்ள போங்க.”

“பெரியவங்க இருக்காங்க.”

“அவுங்க என்ன புலியா கரடியா. வடை தின்னுக்கிட்டு இருக்காங்க. போங்க.”

போகவில்லை. பத்து முப்பத்து மூன்றுக்கு என் அறைக்குத் திரும்பினேன். 7-9 துடித்துக்கொண்டிருந்தது. பாப்பாத்தியைப் பதினொன்று ‘பி’க்கு அனுப்பி அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னேன். வகுப்பில் கணக்குத் தேர்வு. எழுத்தில் இருந்தால்தான் அனுப்புவேன் என்று கணக்கு ஆசிரியை சொல்லிவிட்டாராம். பாப்பாத்தி மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

தாள் எடுத்தேன். அனுப்புநர், பெறுநர் எழுதினேன். ‘பொருள்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். நாள், இடம் எழுதினேன். எவ்வளவு நேரத்தை அதில் வீணாக்கினேன் என்பது இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. அப்போது தெரியவில்லை. கை அந்த வழியில்தான் போகும். கைபேசி நின்றது, மறுபடி துடித்தது. அவள் வந்து எடுக்கட்டும், நேற்று நான் எடுத்ததே தவறு என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

“சார், வரச் சொல்லுங்கன்னு ஒத்த வரி கிறுக்கிக் குடுத்தாப் போதுமுங்க” என்றார் பாப்பாத்தி.

இந்துஜா வந்தபோது பத்து ஐம்பத்து இரண்டு. பத்து முப்பத்தொன்றிலிருந்து பத்து நாற்பத்து மூன்று வரை ஆறு அழைப்புகள்.

“உங்கம்மா ரெண்டு நாளா நிறைய தடவ கூப்பிடறாங்க. அவசரமோ என்னவோன்னு கூப்பிட்டேன்” என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். கூடாது என்று சொன்ன எண்ணுக்குத் தானே கூப்பிட்டாள். டிரைவர் எடுத்தார். அமைதியான அறை, அவர் பேசியது எனக்கும் கேட்டது. இப்போதுதான் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரியாத்தோ தம்மாமோ, அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பெயர் தெரியாது. விசாரிக்கிறேன் என்றார்.

அவள் அழவில்லை. கைபேசியை அணைத்து, என்னிடம் கொடுத்து, வில்லையை வாங்கிக்கொண்டு தேர்வு எழுதப் போனாள். முதல் முறையாக இன்றுதான் அணைத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இந்துஜா வரவில்லை. 119.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்றும் இன்றும் வந்தாள். பத்து முப்பத்தைந்துக்கு 7-9இல் ஒன்றும் இல்லை. அணைத்துவைத்த கைபேசி எப்படித் துடிக்கும் என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிரைவரை அவள் இரண்டு முறை கூப்பிட்டாளாம். ஒரு முறை எடுத்து, மேடம் சத்தம் போடுகிறார், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றாராம். இரண்டாம் முறை எடுக்கவில்லை.

லோகநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“புதங்கிழம சாயங்காலமே ஏனுங்க அதுகிட்டச் சொல்லல?”

“அனுமதி வாங்கிட்டுச் சொல்லலாம்னு.”

“செய்தி சொல்றதுக்கு என்னத்துக்கு அனுமதி? அந்தப் புள்ள மறுநாள் வீட்டுலயே இருந்திருக்கும். லீவுன்னு போயிருக்கும்.”

நான் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. அவளைப் பள்ளியில் கைபேசியிடம் எப்படி நிற்கவைப்பது என்பதை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கச் சொல்ல யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை.

“இப்பவாச்சும் நாந்தான் எடுத்தேன்னு அதுகிட்டச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“நீங்க சொல்ல மாட்டீங்க. நாப்பத்தஞ்சு வருசமாப் பாக்கறேன்.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்துஜாவின் அப்பா வீட்டுக்கு வந்தார். கை இரண்டும் மணிக்கட்டு வரை நீலம். கலெக்டர் ஆபீஸில் கொடுக்க ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றார். மகள்தான் என்னிடம் போகச் சொன்னாளாம்.

என்னிடம் போகச் சொன்னாள் என்பதை அவர் போன பிறகும் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பக்கம் எழுதினேன். நல்ல கையெழுத்தில் வந்தது. கடவுச்சீட்டு எண், ஏஜெண்டின் முகவரி, தற்போதைய வேலையளிப்பவர், ஊர் என்று நான்கு இடங்களில் கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

குறைதீர் நாள். விடுப்பு சொல்லிவிட்டு அவர்களோடு ஈரோடு போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம்.

மனு வாங்கும் மேசையில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி. மனுவை முழுக்கப் படித்தார். நல்ல மாதிரி.

“பாஸ்போர்ட் நம்பர் இல்லையே. ஜெராக்ஸ் எதுவும் வீட்ல இல்லீங்களா?”

“எல்லாத்தையும் ஏஜெண்டு வாங்கிக்கிட்டாருங்க” என்றார் இந்துஜாவின் அப்பா.

“ஏஜெண்டு பேரு?”

“திருச்சிக்காரருங்க. வெள்ளச் சட்ட போட்டுட்டு வருவாரு. எங்க ஊட்டுக்காரிக்குத்தான் பேரு தெரியும்.”

“சவூதில எந்த ஊரு?”

இந்துஜாவின் அப்பா என்னைப் பார்த்தார்.

“ஐயா, அது ரொம்பப் பெரிய நாடுங்க” என்றார் அந்தப் பெண். பேரையும் பிறந்த தேதியையும் வைத்து மேலே எழுதுகிறோம், பதில் வர எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. இந்துஜாவும் நானும் பின்னால். லட்சுமி நகர் தாண்டியதும் சொன்னேன்.

“அந்தப் புதன்கிழமை உங்கம்மா கூப்பிட்டப்ப நான் எடுத்துப் பேசினேம்மா.”

“தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“ரெண்டு நிமிசம் பதினோரு செகண்டு. எடுத்துப் பேசினா செல்லுலயே காட்டுமுங்க தாத்தா.”

எனக்குத் தெரியாது. உறையைப் பிரித்தால்தான் அடையாளம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்டக் கேக்கல?”

“கேட்டேனுங்களே” என்றாள்.

கேட்டாள். ஆறாம் தேதி மாலை, நான் இந்த நோட்டில் ‘ஏதோ கேட்டாள்’ என்று எழுதியிருக்கிறேனே, அது இதுதான். “தாத்தா, எங்கம்மாகிட்ட யாராச்சும் பேசினாங்களா?” என்று கேட்டாள். “இல்லையே” என்றேன். பின்னால் நாற்பது பேர் நின்றதாக எழுதியிருக்கிறேன். ஆறேழு பேர்தான் இருப்பார்கள்.

“பெரியவங்க பொய் சொன்னா என்ன பண்றதுன்னு தெரியலீங்க. ஏதோ காரணம் இருக்கும், நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

அதன் பிறகு பவானி வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அம்மா என்ன பேசினார் என்று கேட்டாள், இறங்குவதற்குச் சற்று முன்னால். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ‘வெளிய வந்துட்டயா சாமி’ என்றதையும் சொன்னேன். அப்போதுதான் அழுதாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்துஜா வரவில்லை. மூன்று நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாப்பாத்திக்கு இந்துஜாவின் ஊரில் தங்கை இருக்கிறார். விசாரித்துவந்து சொன்னார். அந்தப் பெண் வீட்டு வாசலில் செல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். பத்தரையிலிருந்து மத்தியானம் வரை அசைவதில்லையாம். “பள்ளிக்கூடம் போனா அம்மா கூப்பிடறப்ப எடுக்க முடியாதுன்னு சொல்லுதாமுங்க. அவுங்கப்பன் தலப்பாடா அடிச்சுக்கறாரு.”

இன்று நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மின்விசிறி கேட்ட நாளிலிருந்து சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“உங்க விண்ணப்பத்த நான் மறுநாள்தான் பாத்தேன் சார். ‘மாணவி ஒருவருக்கு வரவிருக்கும் தொலைபேசி அழைப்பு குறித்து’ன்னு இருந்துச்சு. அவசரம்னு ஒரு எடத்துலயும் இல்ல. ஏதோ விதிமுறைச் சந்தேகம்னு நெனச்சு வச்சுட்டேன்.”

“வாசல்ல நின்னேங்கம்மா.”

“ஏன் சார் நின்னீங்க? கதவத் தட்டியிருந்தா ஆய்வாவது ஒண்ணாவது, நானே எந்திரிச்சுப் போய் அந்தப் பொண்ணக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே. ஜூலைலயே கேட்டிருந்தா அந்தப் பத்து நிமிஷத்த என் ரூம்லயே பேசிக்கச் சொல்லியிருப்பேன். வெளிநாட்டுல இருக்கற அம்மாகிட்டப் பேசறதுக்கு யாரு சார் வேண்டாம்னு சொல்லுவா?”

இவருக்குத்தான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் மறுத்திருப்பார் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

நாளைக்கே ஆள் அனுப்பி அவளை வரச் சொல்கிறேன் என்றார்.

செப்டம்பர் 3, புதன்

திங்கள் முதல் இந்துஜா வருகிறாள். தலைமையாசிரியையின் எழுத்துப்பூர்வ அனுமதியின்படி அவள் கைபேசி சட்டத்தில் இல்லை, என் மேசையில் இருக்கிறது. அணைப்பதில்லை. பத்தரைக்கு வகுப்பிலிருந்து வருகிறாள். யாரும் எழுத்தில் கேட்பதில்லை. நாற்பத்தைந்து வரை என் எதிரில் நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மின்விசிறியின் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிடுகிறேன்.

மணி அடித்ததும் “வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். தாத்தா என்று இப்போது சொல்வதில்லை.

திங்கள், செவ்வாய், இன்று. ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

வரவில்லை. கலெக்டர் அலுவலகத்திலிருந்தும் ஒன்றும் இல்லை.

லோகநாயகிக்கு வலி குறையவில்லை. மருத்துவர் இரண்டு கால்களுக்கும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 10, புதன்

அறிக்கை கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது, நிர்வாகத்தின் மற்ற இரண்டு பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறேன் என்றார். அங்கேயும் என்னைப் போல ஓய்வுபெற்ற, பொறுப்பான ஆளாகப் பார்க்கிறார்களாம்.

நேற்று அறிக்கை எழுத உட்கார்ந்தபோது நான்காம் குறிப்பை அடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எந்தச் செய்தியும் நான்கு பத்து வரை காத்திருக்கும் என்று எழுதியவனை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனால் நாள், நேரம் எல்லாவற்றையும் இந்த நோட்டிலிருந்து எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். செய்தி வந்தது புதன்கிழமை காலை பத்து நாற்பத்து நான்கு. கடைசி அழைப்புகள் தொடங்கியது வியாழக்கிழமை பத்து முப்பத்தொன்று. புதன் மாலை நான்கு பத்துக்குச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நோட்டும் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு, தூங்கி எழுந்து, தலை வாரிக்கொண்டுகூட உட்கார்ந்திருக்கலாம். செய்தி நான்கு பத்து வரை காத்திருந்தது. அவளும் வந்து கேட்டாள். கொடுக்கிறவன்தான் கொடுக்கவில்லை.

ஆகவே நான்காம் குறிப்பு அறிக்கையில் அப்படியே இருக்கிறது. முதல் மூன்றும் இருக்கின்றன. அறிக்கையில் நான்கு குறிப்புகள் மட்டுமே. ஐந்தாவது என்று ஒன்று இருந்தது அம்மையாருக்குத் தெரியாது. இன்றும் அவரிடம் சொல்லவில்லை.

இந்த வேலைக்குத் துணிச்சல் தேவையில்லை, ஒழுங்கு இருந்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு.